சுபலா அக்காவும் இரண்டு டெஸ்ட் போனும்

மார்ச் 10, திங்கள்

ஆபீசில் புது வேலை வந்திருக்கிறது. ஃபுட்பால் என்று சொன்னதும் வீட்டில் அண்ணன் துள்ளிக் குதித்தான். மணக்குடிக் கடற்கரையில் பந்து உதைத்து வளர்ந்தவன். போனில் படத்தைக் காட்டினேன். முட்டை மாதிரிப் பந்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் தடியன்கள், முகத்தில் இரும்புக் கம்பி.

"இதுல கால் எங்க பிள்ளே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அமெரிக்க ஃபுட்பால். வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் கடைசியில், கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. போன வருஷம் அதிகம் தோற்ற அணிக்கு முதல் முறை. ஏழு சுற்று. இதற்கு டிராஃப்ட் என்று பேர். அந்த நாள் வருமுன் ரசிகர்கள் தாங்களே அணி நிர்வாகியாகி, கணினியில் இதை விளையாடிப் பார்ப்பார்களாம். அந்த விளையாட்டைச் செய்கிறவர் டெரெக் என்ற அமெரிக்கக் கிளையண்ட். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்பது நாகர்கோவில் பார்வதிபுரத்தில் ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கும் பதினொரு பேர். அவர்களில் ஒருத்திகூட, ஒருவன்கூட இந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

எனக்குக் கிடைத்தது ட்ரேட் பகுதி. ஓர் அணி தன் முறையை இன்னோர் அணிக்குக் கொடுத்து வேறு முறைகளை வாங்கலாம், ஆட்களையும் மாற்றிக்கொள்ளலாம். அதில் கணினி ஒத்துக்கொள்வதெல்லாம் நிஜத்தில் நடக்கிற மாதிரி இல்லை என்று ரசிகர்கள் திட்டுகிறார்களாம். ஐந்நூறு ட்ரேட் செய்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நேராக 'நிஜத்தில் நடக்குமா' என்று எழுத வேண்டும். கெடு ஏப்ரல் 15.

எங்கள் டீம் லீட் ஹரிகுமார் சார், "பெனிலா, நீதான் லேட்டா இருந்து முடிக்கிற ஆளு. அதான் உனக்கு," என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

மார்ச் 12, புதன்

ரகசியம் பிடிபட்டது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி உண்டு. முதல் முறைக்கு மூவாயிரம். கடைசிக்கு ஒன்றோ இரண்டோ. நான் கொடுப்பதன் கூட்டுத்தொகை நான் கேட்பதைவிட ஒரு புள்ளி கூடினால் போதும், கணினி பச்சை விளக்கு காட்டிவிடும். 'ஏற்கப்பட்டது.' அடுத்த மூன்று வருஷத்துக் குப்பை முறைகளையெல்லாம் சேர்த்துக் கொடுத்து முதல் முறையை வாங்கிவிட்டேன்.

கடற்கரை ஏலத்தில் எங்கள் அப்பா இரண்டு கூடை நெத்தோலியை நீட்டி, பதிலுக்கு அந்தப் பெரிய நெய்மீனைத் தாரும் என்று கேட்டால் ஏலக்காரர் காறித் துப்புவார். கணினிக்குத் துப்பத் தெரியவில்லை.

இன்னொரு பிழை. தேர்வு செய்து முடித்துவிட்ட முறையையே ஓர் அணி மறுபடியும் விற்க முடிகிறது. தீர்ந்துபோன மீனை விற்பதுபோல. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. சுபலா அக்கா. என் நாற்காலிக்குப் பின்னால் தண்ணீர் குடிக்க வந்தவர், "மக்ளே, இது மேல ஒருக்கா போயாச்சே, கீழ எப்படி நிக்குவு?" என்றார். எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் இரண்டு நாளாக அதே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு முப்பத்தாறு வயது. கருங்கல் பக்கம் வீடு. சரியாக ஐந்தரைக்கு எழுந்து வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார். அந்தப் பஸ்ஸை விட்டால் மகளை டியூஷனிலிருந்து கூப்பிட ஆள் இல்லை. கணவர் துபாயில்.

மார்ச் 14, வெள்ளி

எழுபத்திரண்டு ட்ரேட் முடிந்தது. கண் எரிகிறது.

மார்ச் 18, செவ்வாய்

நிஜ ட்ரேட் எப்படி நடக்கிறது என்று இன்று முழுக்கப் படித்தேன். வேலை போய்விடும் என்று பயந்த அணி நிர்வாகி நாளைய முறைகளை விற்று இன்றைக்கு ஒருவனை வாங்குவான். நாளைக்கு அங்கே இருக்கப்போவது வேறொருவன்தானே. பக்கத்து எதிரி அணிக்கு எவனும் நல்ல சரக்கைத் தரமாட்டான். சிலர் கணக்குச் சரியாக இருந்தாலும், பிடிக்கவில்லை என்று போனை வைத்துவிடுவார்கள். கணினி இதுவரை என்னிடம் ஒருமுறைகூடப் போனை வைக்கவில்லை.

இன்னொன்றும் படித்தேன். சில ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்குமாம். அவர் சம்மதிக்காமல் அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது. எல்லோருக்கும் கிடையாது. மிகப் பெரிய ஆட்களுக்கு மட்டும். மற்றவன் டிவியில் தன் பேரைப் பார்த்துத் தெரிந்துகொண்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். முடியாது என்று சொல்வதற்குக்கூட ரேங்க் வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

மத்தியானம் விளையாட்டுக்கு ஒன்று செய்தோம். ஆரம்பித்தது லிபின்தான், என் பக்கத்து நாற்காலி. டெஸ்ட் சர்வரில் போலி ஆட்டக்காரர்கள் வேண்டும். வழக்கமாக 'டெஸ்ட்1, டெஸ்ட்2' என்று போடுவோம்.

"சலிச்சுப் போச்சுடே. நம்ம பேரைப் போடு," என்றான்.

பதினொரு பேரையும் ஏற்றினோம். ஒவ்வொருவருக்கும் புள்ளி வேண்டுமே. ஏதோ ஒரு கணக்கில் போட்டேன். திருவனந்தபுரம் ஆபீசில் இருக்கும் நிகில் என்பவரையும் சேர்த்தேன். ஆட்டோமேஷன் தெரிந்தவர், ஹரிகுமார் சார் வாயில் எப்போதும் அவர் பேர்தான். ஆபீஸ் சாமான்களைக் கடைசிச் சுற்று முறைகளாக வைத்தோம். காபி மெஷின் ஏழு புள்ளி. மென்பொருளைச் சோதிக்க வைத்திருக்கும் டெஸ்ட் போன் ஒவ்வொன்றும் ஆறு.

லிபினைக் காபி மெஷினுக்கு மாற்றிப் பார்த்தோம். கணினி மறுத்துவிட்டது. "எனக்க மதிப்பு தெரிஞ்ச மிஷின்டே இது!" என்று குதித்தான். உண்மையில் மெஷின் பக்கம்தான் மறுத்தது.

சுபலா அக்காவையும் இரண்டு டெஸ்ட் போனையும் கொடுத்து நிகிலைக் கேட்டேன். பச்சை. ஏற்கப்பட்டது. எல்லோரும் சிரித்தோம். மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று அக்கா அரை நாள் லீவு.

பிறகு அழித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

அழிக்கவில்லை. ஹரிகுமார் சார் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். சிரித்தார்.

"நல்லா இருக்கே. ஃபார்முலா யாரோடது? எனக்கு அனுப்பு."

அனுப்பினேன். அதில் என்ன இருக்கிறது, வெறும் விளையாட்டு.

மார்ச் 27, வியாழன்

இருநூற்று முப்பது. சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். பதினொரு பேர் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். அதன் தாழ்ப்பாள் மூன்று மாதமாக உடைந்து கிடக்கிறது. லேட்டாக இருப்பவர்களுக்குப் பரோட்டா வாங்கித் தருகிறார்கள். நான் தினமும் சாப்பிடுகிறேன்.

ஏப்ரல் 2, புதன்

சுபலா அக்காவுக்கு மாற்றல் கடிதம். ஏப்ரல் 21 முதல் திருவனந்தபுரம் ஆபீஸ். மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரவு பத்து வரை வேலை.

கருங்கலிலிருந்து அங்கே போய் வர முடியுமா? இரவு பத்து மணிக்கு மேல் எந்தப் பஸ்? மகளை யார் பார்ப்பது? இது மாற்றல் இல்லை. வேலையை விட்டுப் போ என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் எழுதும் கடிதம். இவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்கள் கையில் அழுக்கு ஒட்டாது. பஸ் பிடிக்கிற பெண்களை இப்படித்தான் வெளியேற்றுகிறார்கள். பைக் வைத்திருக்கிற பையன் எவனுக்கும் இந்தக் கடிதம் வந்து நான் பார்த்ததில்லை.

அக்கா அழவில்லை. கடிதத்தை மடித்து டிபன் பாக்ஸ் பைக்குள் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அவருக்குப் பதில் நிகில் இங்கே வருகிறாராம்.

"ரெண்டு டெஸ்ட் போனும் அங்க போகுதாம் பிள்ளே," என்றான் லிபின். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

தற்செயலாக இருக்கலாம். அங்கே போன் குறைவு.

ஏப்ரல் 3, வியாழன்

தற்செயல் இல்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அக்கா இன்று காட்டினார். 'பங்களிப்பு மதிப்பீடு: 41.'

"இது என்ன கணக்குன்னு தெரியுமா மக்ளே? எட்டு வருஷமா இருக்கேன், இப்படி ஒரு நம்பரை நான் பாத்ததே இல்ல."

தெரியாது என்றேன்.

தெரியும். அது என் நம்பர். மார்ச் 20 அன்று 'ஏதோ ஒரு கணக்கில்' என்று எழுதியிருக்கிறேன். இந்த நோட்டைப் படிக்க யாரும் வரப்போவதில்லை, இதிலேயே பொய் எழுதியிருக்கிறேன். கணக்கு இது: ஆறு மணிக்கு மேல் இருந்த நாட்கள், கிளையண்டோடு பேசிய அழைப்புகள், சனிக்கிழமை வந்தது. அவ்வளவுதான். அந்தக் கணக்கில் யார் முதலில் வருவார் என்று தெரிந்தே போட்டேன். பெனிலா, 88.

ஏப்ரல் 5, சனி

ஆபீசுக்குப் போகவில்லை. இந்த வருஷத்தில் நான் போகாத முதல் சனிக்கிழமை. அப்பா வலை தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டிராஃப்ட், புள்ளி, ட்ரேட். நான் போட்ட நம்பரை மட்டும் விட்டுவிட்டேன்.

"அப்ப ஆளை ஏலம் போடுதானுவளா?" என்றார்.

"ஏலம் இல்லப்பா. மாத்திக்கிடுவாங்க."

"அந்த ஆள்கிட்ட கேப்பானுவளா?"

"இல்ல."

"மீன்கிட்டயும் நாங்க கேக்கியது இல்ல," என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

ஐந்தரைக்கு அக்காவோடு நானும் இறங்கினேன். வடசேரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே போனேன். கருங்கல் பஸ் இன்னும் வரவில்லை. கூட்டம். ஒருவர் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். மொத்தத்தையும். போனைச் சேர்த்தது, சிரித்தது, சாருக்கு அனுப்பியது, வியாழக்கிழமை தெரியாது என்று சொன்னது.

"எனக்கு நாப்பத்தொண்ணு," என்றார் அக்கா. "உனக்கு?"

"எண்பத்தெட்டு."

என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்தானே பிள்ளே. நான் பாஸ்தான்."

"அக்கா, நான் விளையாட்டுக்குத்தான்..."

"கம்ப்யூட்டர்கிட்ட கேட்டிருக்கே. லிபின்கிட்ட கேட்டிருக்கே. உனக்க நாற்காலிக்குப் பின்னால நான் தண்ணி குடிக்க வந்தேனே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

பஸ் வந்தது. ஏறிவிட்டார். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஹரிகுமார் சார் அறைக்குப் போனேன். கையில் பட்டியல். கடந்த ஒரு வருஷத்தில் கிளையண்டுகள் 'மிக முக்கியம்' என்று குறித்த பிழைகள் முப்பத்தொன்று. கண்டுபிடித்தவர் யார் என்ற இடத்தில் பதினேழு முறை சுபலா. என் பேர் நான்கு முறை. பதினேழுமே ஐந்தரைக்குள் பதிவானவை.

"சார், நான் போட்ட ஃபார்முலால இது இல்ல. அது தப்பான ஃபார்முலா. விளையாட்டு. அதை வச்சு ஒருத்தரோட வேலையை முடிவு பண்ணக் கூடாது."

"யாரு சொன்னா அதை வச்சுத்தான்னு? அது ஒரு இன்புட், பெனிலா."

"நாப்பத்தொண்ணு எங்கிருந்து வந்துது சார்? ரெண்டு போன் எங்கிருந்து வந்துது?"

அவர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "நீ வளர வேண்டிய பொண்ணு. லிஸ்ட்ல முதல்ல இருக்கே. உனக்கு ஏன் இந்த வேலை? நாங்க அவங்களை வேலைய விட்டு அனுப்பலையே. வேற இடம் தாறோம். வேண்டாம்னா அது அவங்க முடிவு."

"சம்மதமான்னு கேட்டீங்களா சார்?"

"கம்பெனில யாரு யாருகிட்டம்மா கேக்கா? என்கிட்ட கேட்டுத்தான் எல்லாம் நடக்குவுன்னு நினைக்கியா?"

ஒரு நொடி அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. அடுத்த வருஷம் தான் இருப்போமா என்று தெரியாமல் நாளைய முறைகளை விற்கும் அணி நிர்வாகியின் முகம் இப்படித்தான் இருக்கும். அதற்காக இரக்கப்பட எனக்கு இஷ்டம் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நானூற்று நாற்பது. ட்ரேட் செய்து ட்ரேட் செய்து இன்று ஒன்று உறைத்தது. ஒரு ட்ரேட்டில் இரண்டு பக்கம் உண்டு. இந்தப் பக்கத்து ஆளைக் கேட்கவில்லை என்றால் அந்தப் பக்கத்து ஆளை மட்டும் கேட்டிருப்பார்களா?

மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய் நிகிலுக்குப் போன் செய்தேன். முன்பின் பேசியதில்லை. லிபின்தான் நம்பர் வாங்கிக் கொடுத்தான். துண்டுச் சீட்டில் எழுதி என் கீபோர்டில் வைத்தான்.

"இருபத்தொண்ணாம் தேதி இங்க வாறீங்களாமே?"

"எங்கே?"

"நாகர்கோவில்."

"யார்? ஞானோ?" என்று சத்தமாகக் கேட்டார். மலையாளமும் தமிழும் கலந்து கொட்டினார். அவர் மனைவிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. போன மாதம்தான் வீடு மாறியிருக்கிறார்கள். இவருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் 'சர்ப்ரைஸ்' இருக்கிறது என்று மட்டும் அவருடைய மேனேஜர் சொன்னாராம்.

"நான் பிரமோஷன்னு நினைச்சு. கேக் வாங்கி வச்சு!" என்றார்.

சிரித்துவிட்டோம், இரண்டு பேரும். பிறகு அவர் கேட்டார்: "எனக்குப் பகரம், எனக்குப் பதிலா, யார் வருது?"

"சுபலான்னு ஒரு அக்கா. கூட ரெண்டு போன்."

"போனா?" என்றார். "எனக்கு விலை, போனும் சேர்த்தா?"

ஏப்ரல் 11, வெள்ளி

நிகில் தன் மேனேஜருக்கு எழுதிவிட்டார். சம்மதம் இல்லை. எங்கள் எல்லோருக்கும் நகல் வைத்திருக்கிறார். கெட்டிக்காரர்.

சுபலா அக்கா இன்று தன் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில், 'எனக்குச் சம்மதம் இல்லை. ராஜினாமாவும் செய்யமாட்டேன்' என்று தமிழில் எழுதியிருந்தார். ஆபீசில் தமிழில் எழுதிய காகிதத்தை நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. ஹரிகுமார் சார் அதை இரண்டு முறை படித்தார்.

நானும் ஒரு கடிதம் கொடுத்தேன். 41 என்ற நம்பர் நான் விளையாட்டுக்குப் போட்டது, எந்த மதிப்பீட்டுக்கும் உதவாது, தவறு என்னுடையது, எந்த விசாரணையிலும் இதையே சொல்வேன். கீழே முழுப் பேர், ஊழியர் எண். பயமாக இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஐந்நூறும் முடிந்தது. அறிக்கையை டெரெக்குக்கு அனுப்பிவிட்டேன். நிஜத்தில் நடக்கக் கூடியவை நூற்று ஆறு. மற்றதெல்லாம் கூட்டல் கணக்கு. காரணங்களை எழுதினேன்: குப்பைகளைக் கூட்டி வைரம் ஆக்குகிறது, எதிரிக்கும் விற்கிறது, யாருக்கும் பயம் இல்லை, வீம்பு இல்லை. கடைசியில் ஒரு பத்தி, என் சொந்தப் பத்தி: 'இந்த மென்பொருளில் மாற்றப்படும் ஆள் எங்கேயும் பேசுவதில்லை. ஒரு ட்ரேட்டை உடைப்பதற்கு அந்த ஆளின் ஒரு சொல் போதும். அதைச் சேர்க்காதவரை இது நிஜம் ஆகாது.'

தீர்ந்துபோன முறையை விற்கும் பிழைக்குக் கண்டுபிடித்தவர் பேர் சுபலா என்று போட்டேன். முதலில் பதிவு செய்தபோது என் பேரில் போட்டிருந்தேன். இதையும் இப்போதுதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மாற்றல் ரத்து. இரண்டுமே. 'நிர்வாகக் காரணங்களால்' என்று ஒரு வரி. நிகில் வரமாட்டார் என்றானதும் திருவனந்தபுரத்து மேனேஜர் பின்வாங்கிவிட்டாராம்.

போன்கள் மட்டும் போய்விட்டன. அவற்றுக்குத்தான் வாய் இல்லையே.

நாளைக்குப் பெரிய வெள்ளி, லீவு.

ஏப்ரல் 22, செவ்வாய்

டெரெக் பதில் அனுப்பியிருக்கிறார். மரியாதையான பதில். அறிக்கை மிக நன்று, எல்லாம் உண்மை. ஆனால் கணினி அடிக்கடி மறுத்தால் விளையாடுகிறவர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அவர்களுக்குத் தாங்கள் ஜெயிக்கிற ட்ரேட்தான் வேண்டும். நிஜம் போல இல்லை என்று திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப வருகிறார்களாம். ஆகவே இந்த வருஷம் எதையும் மாற்றப்போவதில்லை. தீர்ந்த முறையை விற்கும் பிழையை மட்டும் திருத்துகிறார்கள். சுபலாவுக்குத் தனியாக நன்றி.

ஐந்து வாரம், ஐந்நூறு ட்ரேட், அத்தனை பரோட்டா. நிஜம் வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை.

என்னைக் கிளையண்ட் அழைப்புகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜூலையில் வரவேண்டிய சம்பள உயர்வு 'பரிசீலனையில்' இருக்கிறது. எதிர்பார்த்ததுதான்.

ஏப்ரல் 23, புதன்

சுபலா அக்கா பழையபடி பேசுகிறார் என்று எழுத ஆசை. பேசுவதில்லை. வேலை விஷயம் மட்டும். 'மக்ளே' வரவில்லை. என்றைக்கு வரும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

நாலு மணிக்கு லிபின் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"சாரோட ஸ்கிரீனைப் பாத்தேன்டே. புது லிஸ்ட் போட்டிருக்காரு. உனக்க ஃபார்முலாதான். அதுல ஒரு வரி கூட்டியிருக்காரு. ஒத்துழைப்புன்னு."

"எனக்கு எத்தனை?"

"வேண்டாம் பிள்ளே."

"சொல்லுடே."

"முப்பத்தெட்டு."

"பாஸ்தான்," என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு வரிசை தள்ளி, சுபலா அக்காவின் தலை திரையிலிருந்து ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது.

ஐந்தரை ஆனதும் அவர் பையை எடுத்தார். நானும் கணினியை அணைத்தேன். ஹரிகுமார் சார் தன் அறையின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து பார்த்தார். லிபின் எழுந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. படியில் இறங்கிவிட்டேன்.